உரிமம் கையில், செட் மூலையில்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோ) தேர்வில் தேறி, தன்னை அடையாளம் சொல்லும் அழைப்புக்குறி வாங்கிய பலர் சீக்கிரமே ஒதுங்கிவிடுகிறார்கள். கைச்செட்டோடு வரும், தூரம் எட்டாத குட்டை ஆன்டெனாதான் முதல் குற்றவாளி. வகுப்பு முடியும் நாளிலேயே ஆளுக்கொரு கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா (நடுவில் நிமிர்ந்த ஒரு கம்பி, அடியில் சுற்றிலும் நான்கு கம்பிகள்) செய்ய வையுங்கள். எஸ்ஓ-239 சாக்கெட் (ஆன்டெனா கேபிளைத் திருகி மாட்டும் சதுர இணைப்பான்) ஒன்று, பித்தளைக் கம்பி ஐந்து துண்டு. 145 மெகாஹெர்ட்ஸுக்கு நடுக்கம்பி 49 செ.மீ.; சாக்கெட்டின் மூலைக்கம்பிகள் நான்கும் 51 செ.மீ., 45 பாகை கீழ்நோக்கி வளைத்து. படுக்கையாக விட்டால் ஆன்டெனாவின் மின்மறுப்பு, செட்டுக்குப் பொருந்தும் 50 ஓமுக்குக் கீழே இறங்கி எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தமின்மையைக் காட்டும் அளவு) ஏறும்.

பாம்பன், மண்டபம் பக்கம் உப்புக்காற்று வேறு. இணைப்பில் சாதா இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் ஈரம் கோஆக்ஸுக்குள் (செட்டையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள்) ஏறி, செம்பு வலை பச்சை பூத்து, சிக்னல் கேபிளிலேயே போய்விடும். தன்மேல் தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே பிவிசி டேப் போடுங்கள். இது தெரியாத புதியவர் 'பேண்டே (அந்த அலைவரிசையே) செத்துப்போச்சு' என்று கடையைக் கட்டிவிடுவார். வாராந்திர நெட்டில் (எல்லோரும் குறித்த நேரத்தில் ரேடியோவில் கூடும் பேச்சு) அவரையே முதலில் கூப்பிடுங்கள், சீனியர்கள் காத்திருக்கட்டும்.