மீட்டரைக் கழட்டுமுன் பின்பக்கத்தைப் பாருங்கள்

"அந்த மீட்டரை மட்டும் கழட்டி விட்டுருங்க அண்ணாச்சி, மத்தபடி வண்டி நல்லாத்தான் ஓடுது." பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு புளியரை மலையேறி, ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொல்லம் போய்வரும் பழைய பிக்கப்புகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. எந்த மீட்டர் என்று பார்க்காமல் கை வைத்தால் வண்டி நடு மலையில் நிற்கும். சில நேரம் டேஷ்போர்டே எரியும். மீட்டருக்குள் என்ன ஓடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வண்டியின் சார்ஜ் கரண்ட் முழுவதுமா, சென்சாரின் சிறு கரண்டா, இல்லை இன்ஜின் ஆயிலேவா?

அதிகம் தொல்லை தருவது ஆம்பியர் மீட்டர்தான். நடுவில் பூஜ்யம், இடப்பக்கம் மைனஸ் 30, வலப்பக்கம் பிளஸ் 30 என்று இருக்கும். இன்ஜின் ஓட்டத்தில் கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் இடையே போகிற கரண்ட் இதன் இரண்டு போல்ட் வழியாகத்தான் போய்வரும். ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் மட்டும் இதில் சேராது. லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் ஆல்டர்னேட்டர் பக்கத்து போல்ட்டிலிருந்து பிரியும்; அதனால் ஓட்டத்தில் மீட்டர் வழியே பேட்டரிக்கான சார்ஜ் மட்டுமே போகும். பிற்பாடு வாங்கி மாட்டிய ஃபாக் லைட்டை நேராக பேட்டரி முனையில் கொடுக்கும்போதுதான் வினை. அந்த லைட் இழுக்கிற கரண்ட் முழுவதும் அன்றிலிருந்து மீட்டர் வழியே வரத் தொடங்கும்.

சாரல் காலத்தில் இந்தப் பாதையில் பகலிலேயே லைட்டும் வைப்பரும் ஓடும். ஈரத்தில் லக்கில் (போல்ட்டில் மாட்டுகிற வயர் நுனி வளையம்) பச்சைக் களிம்பு பிடிக்கும், அதிர்வில் நட் தளரும். அந்த இடத்தில் 0.05 ஓம் தடை ஏறினாலே போதும். 20 ஆம்பியர் போகும்போது 1 வோல்ட் அங்கேயே இறங்கி, 20 வாட் சூடாக மாறும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை பிளாஸ்டிக்குக்குப் பின்னால் செருகி வைத்த மாதிரி. போல்ட்டைச் சுற்றியுள்ள ஃபைபர் வாஷர் முதலில் பழுப்பாகும், பிறகு கருகும், கடைசியில் போல்ட் வண்டியின் பாடியைத் தொடும். பழைய வண்டிகள் பலவற்றில் இந்த லைனுக்கு பியூஸே கிடையாது.

மீட்டரைக் குறை சொல்லுமுன் அளந்து பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் மீட்டரின் இரண்டு லக்கிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3 தாண்டினால் லக்கைச் சுரண்டி, நட்டை இறுக்கி மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் இறங்கவில்லை என்றால் மீட்டரின் உள்பக்கமே பழுதாகிவிட்டது.

ஆம்பியர் மீட்டரைக் கழட்டும்போது சாவியை எடுத்துவிட்டு முதலில் பேட்டரி மைனஸைப் பிரிக்க வேண்டும். பிளஸை முதலில் பிரித்தால் ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் பொறி பறக்கும். இரண்டு வயரையும் கழட்டித் தனித்தனியே டேப் சுற்றி விடுவதுதான் இங்கே பலர் செய்கிற பிழை. அப்படி விட்டால் சாவி போட்டாலும் விளக்கே எரியாது. எப்படியோ ஓட்டத்தில் இணைப்பு விட்டுப்போனால் ஆல்டர்னேட்டருக்கு பேட்டரியின் தாங்கல் இல்லாமல் வோல்ட்டேஜ் எகிறி, டயோடும் ரெகுலேட்டரும் போகும். இரண்டு லக்கையும் முகத்தோடு முகம் சேர்த்து, அதே அளவு போல்ட், ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் இரண்டு அடுக்கு ஏற்றி, வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். வெறும் முறுக்கலும் டேப்பும் ஒரு சாரலுக்குத் தாங்காது.

ஒரு எச்சரிக்கை. முகத்தில் 8 முதல் 16 வரை எண் இருந்தால் அது வோல்ட் மீட்டர். அதன் வயர்களைச் சேர்த்தால் நேரடி ஷார்ட்! ஆம்பியர் மீட்டர் இருந்த இடத்தில் வோல்ட் மீட்டர் மாட்டுவது நல்ல யோசனைதான்: சாவி போட்டால் வரும் லைனிலிருந்து 2 ஆம்பியர் பியூஸ் வைத்து ஒரு வயர், எர்த்துக்கு ஒன்று. நிறுத்திய வண்டியில் 12.6, ஓட்டத்தில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் சரி.

மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் மீட்டரில் கரண்டே கிடையாது. மெல்லிய குழாய் வழியாக இன்ஜின் ஆயில் டேஷ்போர்டு வரை வருகிறது. அதைக் கழட்டி நுனியை மடக்கி விட்டால் ஆயில் வெளியேறி இன்ஜின் சீஸாகும், அதாவது உள்ளே இறுகி நின்றுவிடும். குழாயை இன்ஜின் பிளாக்கிலேயே கழட்டி, அந்தத் துளைக்குச் சரியான டேப்பர் பிளக் (நுனி குறுகிய த்ரெட் மூடி) போட்டு அடைக்க வேண்டும். பல வண்டிகளில் அது 1/8 அங்குலம்; த்ரெட்டைப் பார்த்து வாங்குங்கள். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விட்டு, அந்த இடத்தை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள்.

ஹீட் மீட்டரை மலைக்குப் போகும் வண்டியில் கழட்டி விடக்கூடாது. புளியரை ஏற்றத்தில் லோடோடு இரண்டாம் கியரில் போகிற இன்ஜினுக்கு அந்த முள்தான் காவல். அது இல்லாமல் போனால் ஹெட் கேஸ்கட் போன பிறகுதான் விஷயம் தெரியும். முள் தப்பாகக் காட்டினால் சோதித்துப் பாருங்கள்: ஒற்றை வயர் சென்சாரில் வயரை உருவினால் முள் கீழே இறங்க வேண்டும், எர்த்தில் ஓரிரு நொடி தொட்டால் மேலே ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நல்லவை, சென்சாரை மாற்றினால் போதும். டீசல் முள்ளும் ஹீட் முள்ளும் சேர்ந்தே தப்பாகக் காட்டினால் இரண்டுக்கும் பொதுவாக வோல்ட்டேஜைச் சீராக்கித் தருகிற ஸ்டெபிலைசரையோ மீட்டர் எர்த்தையோ பாருங்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பாய்ச்சுகிற காமன் ரெயில் வண்டிகளில் இந்த எர்த் சோதனையே வேண்டாம், அந்த சென்சார் கம்ப்யூட்டரோடு பேசுவது. ஸ்பீடோமீட்டரில் கை வைக்கவே வேண்டாம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது வேலை செய்தே ஆக வேண்டும்.

வேலை முடிந்ததும் சேர்த்த வயரில் துணி டேப் சுற்றி, 'ஆம்பியர் மீட்டர் எடுத்தாச்சு, வயர் டைரக்ட்' என்று மார்க்கரில் எழுதி, தேதியும் போட்டு விடுங்கள். இந்த வண்டிகள் டிரைவர் மாறி, ஓனர் மாறி, சில சமயம் மலைக்கு அந்தப் பக்கத்துப் பட்டறைக்கும் போகும். அங்கே கிளஸ்டரை, அதாவது மீட்டர்கள் இருக்கிற பெட்டியை, திறக்கிறவருக்கு முதலில் கண்ணில் படுவது அந்த டேப்பாகத்தான் இருக்கும். பக்கத்தில் மலையாளத்திலும் ஒரு வரி எழுதத் தெரிந்தால் எழுதுங்கள்.