ஒன்பது நாள் தேடிய பூனை நாலு கட்டடம் தள்ளி இருந்தது

பூனை கிடைத்துவிட்டது. ஒன்பதாம் நாள் விடியற்காலை, வீட்டிலிருந்து நாலு கட்டடம் தள்ளி, ஒரு துணிக் குடோனின் மாடிப்படிக்கு அடியில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால். அந்தக் குடோனில் அதற்கு முன் மூன்று தடவை கேட்டாயிற்று. மூன்று தடவையும் ஒரே பதில்: "இங்கெல்லாம் பூன வராதுண்ணே." அதை நம்பி வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து காசிமேடு வரை நடந்து தீர்த்ததில் ஆறு நாள் போயிற்று. இந்தப் பக்கம் அடுத்து யார் வீட்டிலாவது பூனை காணாமல் போனால் அந்த ஆறு நாளாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுவது.

முதல் தவறு, வீட்டுப் பூனையைத் தெருப் பூனைபோல நினைத்துத் தேடியது. வெளியே போய்ப் பழகிய பூனைக்கு ஒரு எல்லை உண்டு, வழி தெரியும். நாலு சுவருக்குள் வளர்ந்தது அப்படியில்லை. வெளியே விழுந்த நிமிடமே கிடைத்த முதல் இருட்டுப் பொந்துக்குள் புகுந்து மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்துவிடும். "நம்ம குரல் தெரியாதா, கூப்பிட்டா வராதா?" என்று எல்லாரும் கேட்பார்கள். வராது. சத்தம் போட்டால் தான் இருக்குமிடம் தெரிந்துவிடும் என்பது அதன் பயம். மூன்றடி தூரத்தில் நின்று நீங்கள் அழுதாலும் பதில் வராது. 2018இல் 'அனிமல்ஸ்' என்ற ஆய்விதழில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொலைந்த பூனைகளைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை அதைவிடப் பக்கத்தில். இதை மூன்றாம் நாள் படித்திருந்தால் காசிமேடு நடை மிச்சம்.

எப்படி வெளியே போனது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நம் பக்கம் காரணங்கள் அநேகமாக இவைதான்: தெருவில் போன சாவு ஊர்வலத்தின் மேளமும் சரவெடியும், தண்ணி கேன் போடுகிறவர் ஒருக்களித்துவிட்டுப் போன கதவு, ஏசி மெக்கானிக் கழற்றி வைத்த ஜன்னல் கம்பி, பால்கனியில் நைந்துபோன புறா வலை. பால்கனியிலிருந்து விழுந்திருந்தால் நேர் கீழே இறங்கி, சுவரை ஒட்டி இடப்பக்கம் பத்தடி, வலப்பக்கம் பத்தடி பாருங்கள். பயந்த பூனை தெருவின் நடுவே ஓடாது, சுவரோரமாகத்தான் போகும். அதற்கும் முன்னால் வீட்டுக்குள் ஒரு முறை ஒழுங்காகத் தேடிவிடுங்கள்: பரண், கட்டில் பெட்டி, வாஷிங் மெஷினின் அடிப்பக்கம், ஃபிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னால், மடித்து வைத்த மெத்தைக்குள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்குத் தெருவெல்லாம் நோட்டீஸ் கொடுத்தவர்கள் உண்டு.

பக்கத்து வீடுகளில் கேட்கும் விஷயத்தில்தான் எல்லாமே கோணலாகப் போகிறது. "உங்க வீட்டுப் பக்கம் பூனை வந்துச்சா?" என்று கேட்டால், யாரும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதில்லை. நின்ற இடத்திலிருந்தே "இல்லப்பா" என்பார்கள், இல்லாவிட்டால் "பூனதானே, ரெண்டு நாள்ல தானா வரும், வுடு" என்பார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, கேள்விதான் தவறு. "அக்கா, உங்க பின்கட்டுல அஞ்சு நிமிஷம் டார்ச் அடிச்சுப் பாத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீடாக இருந்தால், கூட ஒரு பெண்ணை அழைத்துப் போங்கள். மதியம் சாப்பாட்டு நேரமும், குழாயில் தண்ணீர் வரும் நேரமும் வேண்டாம். மாலை ஐந்து முதல் ஆறரை நல்ல நேரம்.

வடசென்னையின் பழைய தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். இரண்டு சுவருக்கு நடுவே அரை அடி, முக்கால் அடிச் சந்து இருக்கும். மனிதன் நுழைய முடியாது, பூனை தாராளமாக நுழையும். மாப் குச்சியில் போனை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, டார்ச்சை எரியவிட்டு, வீடியோ ஓடவிட்டு உள்ளே நீட்டி எடுங்கள். பிறகு வீட்டில் உட்கார்ந்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அங்கே கண்ணுக்குத் தப்பியது வீடியோவில் இரண்டு புள்ளியாக மின்னும். குடோனின் ஷட்டருக்குக் கீழே இருந்த நாலு விரல் இடைவெளியில் இப்படி நீட்டிய வீடியோதான் கடைசியில் கைகொடுத்தது. மூன்று தடவை "இல்ல" என்ற ஊழியரிடம் அதைக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாவி வைத்திருப்பவர் வரும்வரை இன்னும் இரண்டு மணி நேரம் ஷட்டருக்கு வெளியே காவல்.

விட்டுவிடக்கூடாத மற்ற இடங்கள்: சன்ஷேடின் மேல்பக்கம் (கீழிருந்து தெரியவே தெரியாது, எதிர்வீட்டு மாடியிலிருந்துதான் பார்க்க வேண்டும்), ஏசி வெளி யூனிட்டுக்குப் பின்னால், மூடி உடைந்த சம்ப், லிஃப்ட் மோட்டார் ரூம், மழைநீர் வடிகாலின் திறந்த வாய், ரொம்ப நாளாக எடுக்காமல் நிற்கும் ஆட்டோவின் அடி. ஹவுசிங் போர்டு பிளாக்குகளில் பைப் இறங்கும் டக்ட்டைத் தரைத்தளத்தில் திறந்து பாருங்கள். மேல்மாடியில் தவறி விழுவது அங்கேதான் போய்ச் சேரும். மொட்டைமாடிகள் ஒன்றோடொன்று தொடும் தெருவாக இருந்தால் பூனை கீழே இறங்கியே இருக்காது, தண்ணித் தொட்டிக்கு அடியில் நிழலில் படுத்திருக்கும். பூட்டிய கடை, குடோன் எதுவானாலும் பூனை போன அன்று யார் திறந்தார்கள், எப்போது மூடினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஞாயிறு பூட்டினால் திங்கள்வரை உள்ளே தண்ணீர்கூடக் கிடையாது.

ராத்திரித் தேடலுக்கு ஒன்றரை மணிக்குமேல் போங்கள். அதற்கு முன் போனால் பைக், டீக்கடை, நாய் என்று எதுவும் அடங்கியிருக்காது. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு விடிவதற்கு வெகு நேரம் முன்பே ஐஸ் வண்டியும் மீன்பாடி வண்டியும் ஓட ஆரம்பித்துவிடும், கிடைக்கும் அமைதி கொஞ்ச நேரம்தான். டார்ச்சை இடுப்புயரத்தில் பிடிக்காதீர்கள். கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தால்தான் பூனையின் கண்ணில் பட்ட ஒளி உங்கள் கண்ணுக்குத் திரும்பி வரும். பச்சையாகவோ மஞ்சளாகவோ ஜோடிப் புள்ளி தெரிந்தால் நில்லுங்கள், கிட்டே ஓடாதீர்கள். ரோந்து போலீஸ் கேட்டால் காட்டுவதற்குப் பூனையின் படத்தைப் போனில் தயாராக வைத்திருங்கள். நடுராத்திரி அடுத்தவர் வீட்டுச் சந்தில் டார்ச் அடிக்கும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

கருவாடு வைத்தது இரண்டாவது பெரிய தவறு. "நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு வை, வாசனைக்கு ஓடி வரும்" என்று எல்லாரும் சொன்னார்கள். ஓடி வந்தது உண்மை, தெருவில் இருந்த அத்தனை கடுவன்களும். கடுவன் உறுமும் இடத்துக்குப் பயந்த வீட்டுப் பூனை எப்படி வரும்? தவிர, பாதித் தெரு கருவாடு காயும் ஊரில் கருவாட்டு வாசனை ஒரு அடையாளமே இல்லை. தினமும் அது சாப்பிட்ட அதே உணவை, ஒரு கைப்பிடிக்குமேல் போகாமல், மறைவான மூலையில் வையுங்கள். எறும்பு மொய்த்தால் பூனை தொடாது. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தை வைக்க வேண்டும். உணவுப் பாக்கெட்டைக் கசக்கும் சத்தம், மூடி திறக்கும் 'டக்' சத்தம் இரண்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட நன்றாக வேலை செய்யும். மலமண் தட்டை வாசலில் வை என்பது இன்னொரு பிரபலமான யோசனை. அதுவும் ஊர்க் கடுவனுக்கு அழைப்புதான். துவைக்காத லுங்கி, நைட்டி, அது படுத்த துணி போதும்.

ஒரு வாரம் தாண்டினால் பசியும் தாகமும் பயத்தை ஜெயிக்கும். அதுவரை ஒளிந்திருந்தது அப்போது நகரத் தொடங்கும். கூண்டு வைக்கச் சரியான சமயம் அதுதான். எலிக்கூண்டு உதவாது. பூனைக்கு இரண்டரை அடியிலிருந்து மூன்றடி நீளமுள்ள கூண்டு வேண்டும், தெரு விலங்குகளுக்குக் கருத்தடை செய்யும் தன்னார்வலர்களிடம் இரவல் கிடைக்கும். மிதித்தால் கதவு விழும் தகட்டின்மேல் செய்தித்தாள் விரித்து, உணவை அதற்கும் அப்பால் கடைசி மூலையில் வைத்து, மேலே பழைய போர்வை மூடுங்கள். கண் பார்வைக்குள் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் வேறு யார் வீட்டுப் பூனையோ உள்ளே இருக்கும், கூண்டே இல்லாமலும் போகலாம்.

சிசிடிவியை இரண்டு நாளுக்குள் கேட்டுவிடுங்கள். பல கடைகளில் ஒரு வாரத்திலேயே பழையது அழிந்துவிடும். திரையில் ஓடும் கடிகாரத்தை உங்கள் போனோடு ஒத்துப் பாருங்கள். எங்களுக்கு அது இருபத்தைந்து நிமிடம் பின்தங்கியிருந்தது, அந்தத் தப்பான நேரத்தைப் பார்த்தே ஒரு சாயங்காலம் வீண்.

அலுவலகங்களைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு காவல் நிலையத்தில் "பூனைக்கெல்லாமா சார் கம்ப்ளைன்ட்?" என்று சிரித்து அனுப்பினார்கள். யாராவது தூக்கிக்கொண்டு போனது கேமராவில் தெரிந்தால் மட்டும் விடாதீர்கள். அது திருட்டு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் வரும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், பெர்ஷியன் மாதிரி விலைபோகும் பூனை என்றால் கட்டாயம். கிணற்றிலோ ஏற முடியாத உயரத்திலோ சிக்கியிருந்தால் தீயணைப்புத் துறையின் 101ஐக் கூப்பிடுங்கள். மைக்ரோசிப் போட்டிருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது இருக்குமிடத்தைக் காட்டும் கருவி அல்ல. யாரோ பிடித்து, ஸ்கேனர் உள்ள மருத்துவரிடம் கொண்டுபோனால்தான் அந்த 15 இலக்க எண்ணுக்கு வேலை.

எந்த அலுவலகத்தையும்விட அதிகம் உதவியவர்கள் தூய்மைப் பணியாளர்கள். தெருவின் ஒவ்வொரு மூலையும் அவர்களுக்குத் தெரியும், இறந்து கிடப்பதை எடுப்பவர்களும் அவர்களே. கேட்கத் தயங்கும் கேள்விதான், ஆனாலும் தினமும் காலையில் வேலை தொடங்கும்போது போய்க் கேட்க வேண்டும். "வெள்ளையா? நேத்து வெள்ள எதுவும் எடுக்கலயே தம்பி" என்று ஒரு அக்கா சொன்ன பதிலில்தான் அன்றைய சாப்பாடு இறங்கியது. பால் போடுகிறவர், இஸ்திரி வண்டிக்காரர், மீன் வெட்டும் பெண்கள் எல்லாரிடமும் படத்தைக் கொடுங்கள்.

நோட்டீஸை ஏ4 தாளில், பூனையின் முழு உடல் தெரியும் ஒரே ஒரு பெரிய கலர்ப் படத்தோடு அடியுங்கள். பொதுச் சுவரில் ஒட்டாதீர்கள், அதைத் தடுக்க 1959ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது. மாவு மில், டீக்கடை, பால் பூத் ஆகிய இடங்களில் கேட்டு உள்பக்கம் ஒட்டினால் மழையிலும் நனையாது. பரிசுத் தொகையை எழுதாதீர்கள். எழுதினால் தெருப் பிள்ளைகள் கூட்டமாகத் துரத்த ஆரம்பிப்பார்கள், பக்கத்தில் இருந்த பூனையும் தூரமாக ஓடிவிடும். "பார்த்தால் பிடிக்க வேண்டாம், போன் செய்யுங்கள்" என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். ஒரு அடையாளத்தை மட்டும் எழுதாமல் மறைத்து வையுங்கள், வால் நுனிக் கறுப்போ காதில் கீறலோ. "பூன எங்கிட்டதான் இருக்கு, ஆட்டோவுக்கு ஐநூறு ஜிபே பண்ணுங்க" என்று வரும் அழைப்பில் அதைக் கேட்டால் அந்த நிமிடமே போன் கட்டாகும். எங்களுக்கு இப்படி நாலு வந்தது.

கண்டுபிடித்த பிறகு கெடுத்துக்கொள்வதும் நடக்கிறது. ஒருவர் மட்டும் போங்கள். வெளியேறும் வழிகளை முதலில் அடைத்துவிடுங்கள். நேருக்கு நேர் பார்க்காமல், பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, உணவை நடுவில் வைத்துக் காத்திருங்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். கைக்கு எட்டியதும் தடித்த துண்டால் தலையோடு மூடிச் சுருட்டி, அங்கேயே கூடைக்குள் வைத்துப் பூட்டிய பிறகுதான் தெருவுக்கு வர வேண்டும். மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தால் முதல் ஹார்னுக்குப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

அந்தப் பதற்றத்தில் உங்களையே கடிக்கும். வளர்த்த பூனைதானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருக்காதீர்கள், இத்தனை நாள் அது தெருவில் இருந்திருக்கிறது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் ரேபிஸ் ஊசி முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களிலும்.

வீட்டுக்கு வந்ததும் பால் ஊற்றாதீர்கள், வயிற்றால் போகும். தண்ணீரும், ஈரமான உணவு இரண்டு ஸ்பூனும், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. பல நாள் பட்டினி கிடந்த பூனைக்கு, அதுவும் குண்டான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஓடியாடுகிறதே என்று விடாமல் மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதென்றால் காலையிலேயே கிளம்புங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் வாசனை மாறியதால் சீறும், இரண்டு மூன்று நாள் தனி அறை.

கடைசி வேலை ஒன்று, எல்லாரும் மறப்பது. கொடுத்த நோட்டீஸை எல்லாம் திரும்ப வாங்குங்கள். ஒரு மாவு மில்லில் எடுக்க மறந்தோம். இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு முறையாவது யாராவது கூப்பிட்டு, "அண்ணே, உங்க வெள்ளப் பூன இங்க நிக்குது" என்கிறார்கள். அது மடியில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே.