இருபத்திமூண்டு மார்க்ஸ்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை தாங்கோ அண்ணை எண்டு சங்கத்துச் செயலாளர் தம்பி மூண்டு மாசமா வட்ஸப்பில ஒரே கரைச்சல். பிக் மட்ச் பற்றியோ ஹொஸ்டல் சாம்பாரைப் பற்றியோ எழுதத்தான் இருந்தனான், ஆனா பேனையை எடுத்தா எங்கட மட்ஸ் மாஸ்டர் கரும்பலகையில எழுதின ஒரு கழித்தல் கணக்குத்தான் முன்னுக்கு வந்து நிக்குது. 250 - 227. விடை எழுதேல்லை மனிசன். சோக்கட்டியை வச்சிட்டு "சரி, புத்தகத்தைத் திறவுங்கோ" எண்டார், அவ்வளவுதான்.

அது 71ஆம் ஆண்டு, இலங்கையில கம்பஸ் எடுபட மொழிக்கு மொழி வேற வேற மார்க்ஸ் வச்ச தரப்படுத்தல் வந்த நேரம். பேராதனையில எஞ்சினியரிங் படிக்க தமிழ் மீடியத்தில எழுதினவனுக்கு 400க்கு 250 வேணும், சிங்கள மீடியத்தில எழுதினவனுக்கு 227 காணும். மெடிசினுக்கு 250, 229. எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணா 243 எடுத்தவர். அவற்ற அம்மா எங்கட வீட்டுக் குசினியில வந்து இருந்து "பெடியன் ஃபெயில் இல்லை பிள்ளை, பாஸ்தான், பாஸ்தான்" எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னது இப்பவும் காதில கிடக்கு.

ஐயா 61இல யாழ்ப்பாணக் கச்சேரி, அதுதான் அரசாங்க அதிபற்ற கந்தோர், வாசல்ல சத்தியாக்கிரகம் இருந்த ஆள், அவருக்குச் சமஷ்டி, ஒரே நாட்டுக்குள்ள கூட்டாட்சி, எண்ட சொல்லுத்தான் வேதம். 72 மே மாசம் புது அரசியலமைப்பு வந்து, பௌத்தத்துக்கு முதலிடம் எண்டு எழுதி, சிறுபான்மைக்குக் காப்பா இருந்த பழைய 29ஆம் பிரிவும் இல்லாமப் போன பிறகும் அவர் சமஷ்டியை விடேல்லை, நாங்கள் பெடியள் அப்பவே வேற சொல்லுக் கதைக்கத் தொடங்கியிட்டம். சுயநிர்ணய உரிமை. அர்த்தம் கேட்டிருந்தா முழிச்சிருப்பம், ஆனா அந்த 23 மார்க்ஸ் எல்லாருக்கும் விளங்கினது.

74 தை 10ஆம் திகதி இரவு, தமிழாராய்ச்சி மாநாட்டுக் கடைசி நாள், வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால சனத்தோட சனமா நானும் இருந்தனான். பொலிஸ் வந்தது, கண்ணீர்ப்புகை, கரண்ட் வயர் அறுந்து விழுந்தது, ஒன்பது பேர் செத்தவை. அதுக்கு மேல அதை எழுத எனக்கு ஏலாது.

76 மே 14, பண்ணாகத்துக்கு சைக்கிள்ள டபிள்ஸ் போனனாங்கள். தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் செல்வநாயகம் ஐயா தலைமையில வட்டுக்கோட்டைத் தீர்மானம், தனிநாடு எண்டு. மலையகத் தோட்டத் தொழிலாளற்ற தலைவர் தொண்டமான் அதில சேரேல்லை, அந்தச் சனத்துக்கு அதில என்ன இடம் எண்டு எங்களில ஒருத்தன்கூட அப்ப யோசிக்கேல்லை, உண்மையைச் சொல்லத்தானே வேணும். இன்னொண்டு, 74இல கம்பஸ் அனுமதிக்கு மாவட்டக் கோட்டா வந்தபோது யாழ்ப்பாணத்துக்கு அடிதான், ஆனா மன்னார், வவுனியா, மட்டக்களப்புப் பெடியள் கொஞ்சப் பேருக்கு அதாலதான் கம்பஸ் கிடைச்சது. எங்கட பள்ளிக்கூடத்து மரத்துக்குக் கீழ இருந்து நாட்டுக்கு எல்லை போட்டுக்கொண்டு இருந்த நாங்கள், லாப் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் தமிழ்ப்பிள்ளைதான் எண்டதைக் கதைச்சதா எனக்கு ஞாபகம் இல்லை. இதை எழுதினதுக்கு எங்கட பட்ச் வட்ஸப் குரூப்பில பேச்சு விழும், விழட்டும்.

77 தேர்தல்ல கூட்டணி 18 சீற் எடுத்து அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது, பிறகு 81இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது, 83 கலவரம், இதெல்லாம் மற்ற ஆக்கள் எழுதியிருப்பினம்.

அந்த 243 அண்ணா 78இலயே லண்டன் வந்தவர், பெற்றோல் ஸ்ரேஷனில நிண்டு நிண்டு முழங்கால் தேஞ்சு போச்சு. எங்கட வருடாந்த டின்னருக்குத் தவறாம வருவார், அரசியல் கதைச்சா எழும்பிப் போய் ரீ எடுப்பார். 2010 தை கடைசியில வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கு இஞ்ச லண்டனில மறுபடி வாக்கெடுப்பு வச்சவை எல்லோ, நான் தான் அவரைக் காரில ஏத்திக்கொண்டு போனன். சரியான குளிர், லைனில பேசாம நிண்டார், உள்ள போய்ப் போட்டார். வெளியில வந்து தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டார்:

"தம்பி, இதுக்குக் கட்-ஓஃப் எவ்வளவாம்?"