மாசி வீதியில் ஒரு சர்வே

நகரத் திட்ட வேலையில் தெரு என்றால் அகலம், நடைபாதை, வடிகால், மின்கம்பம், அவ்வளவுதான். மதுரை மாசி வீதிகளில் டோட்டல் ஸ்டேஷன் என்கிற நில அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்த நாட்களில் இந்தக் கணக்கு எனக்குப் போதவில்லை.

ஊரின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோயிலுக்குள் ஆடி வீதி, மதிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. இதில் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், பெயர் மட்டும் வீதியோடு தங்கிவிட்டது என்பார்கள்.

எங்களுக்கு வந்த ஒரு வரைபடத்தில் வீதி நடுவே செடிகளோடு செண்டர் மீடியன் இருந்தது. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. கீழ மாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுல செடிய வச்சா தேர் எங்கிட்டுப் போகும் தம்பி?" என்றார். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைச் செருகி, அது கட்டையில் உரசி நகர நகரத்தான் திசை மாறும். வடம் பிடித்த கூட்டம் முதலில் திரும்ப, தேர் பின்னால் இஞ்ச் இஞ்சாகத் திரும்பும், அதனால் மூலைகளில் கிடக்கிற இடம் யாரோ விட்டுவைத்த சும்மா இடமில்லை. நாங்கள் பேருந்து திரும்பும் ஆரத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்!

இதற்காக ஊரில் எதையும் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1830களின் கடைசியிலும் 1840களிலும், கோட்டைச் சுவரையே இடித்து அகழியைத் தூர்த்துப் புதுத் தெருக்கள் போட்டார்கள். அந்த வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட், மேஸ்திரி பெருமாள் இருவர் பெயரும் இன்றும் தெருப் பெயர்கள். (எங்கள் தொழிலுக்கு இந்த மரியாதை வேறெங்கே கிடைக்கும்?) அவ்வளவு பெரிய இடிப்பிலும் புதுத் தெருக்கள் கோயிலைச் சுற்றுகிற பழைய ஒழுங்கிலேயே போயின. கீழவாசல், தெற்குவாசல் என்று இல்லாத வாசல்களின் பெயரைச் சொல்லித்தான் இன்றும் பஸ் ஏறுகிறோம்.

எங்கள் படிவத்தில் 'சாலைப் பயன்பாடு' என்று ஒரே ஒரு கட்டம்தான். லாரியிலிருந்து மூட்டை இறக்கும் நேரத்தில் அது லோடுமேன்களின் வீதி, மற்ற நேரம் டூவீலர்கள், சித்திரையில் ஒரு நாள் தேர், ஊர்வலம் வந்தால் அது வேறு கணக்கு. இதையெல்லாம் தனித் தாளில் எழுதி இணைத்தேன். ஒரு வரியில் சுருக்கித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீடியனை மட்டும் படத்திலிருந்து எடுக்க வைத்தோம், கட்டத்தில் 'கலப்புப் பயன்பாடு' என்று எழுதிக் கொடுத்தேன்.