நாற்பது நிமிடத்துக்கு ஐந்நூறு ரூபாய்: தனியார் வண்டி நிறுத்துமிடத்தில் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற்ற அனுபவம்

2023 தீபாவளி முடிந்த மறுவாரம், அம்மாவை ரத்தப் பரிசோதனைக்கும் வயிற்று ஸ்கேனுக்கும் பிராட்வே பக்கம் உள்ள ஒரு வணிக வளாகத்துக்கு ஸ்கூட்டரில் அழைத்துச் சென்றேன். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் இருக்கிறது. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்ததால் காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டோம். தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. வளாகத்தின் பேஸ்மென்ட்டில் ஒரு குத்தகைதாரர் கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டிகளை நிறுத்த விடுகிறார். வாசலில் இருந்த பலகையில் 'டூவீலர் ரூ.20' என்று மட்டும் எழுதியிருந்தது. இருபது ரூபாயைக் கொடுத்தேன். அங்கே இருந்த பையன் ஒரு சிறிய சீட்டில் வண்டி எண்ணையும் 7.10 என்ற நேரத்தையும் பேனாவால் தெளிவாகவே எழுதிக் கொடுத்தான். அந்தச் சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டது பிறகு எனக்குப் பெரிய உதவியாக அமைந்தது.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கூட்டம். சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டிய ரத்தத்துக்கு வேறு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடித்துக் கீழே இறங்கியபோது மணி 11.50. ஸ்கூட்டரின் முன்சக்கரத்தில் ஒரு துருப்பிடித்த சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

"நாலு மணி நேரம் தாண்டிடுச்சுக்கா. ஃபைன் ஐந்நூறு ரூபா. கட்டுனாதான் பூட்ட எடுப்பேன்" என்றான் பையன்.

"எங்க தம்பி போட்டிருக்கு?" என்று கேட்டேன். உள்ளே கூட்டிப்போய் மூன்றாவது தூணைக் காட்டினான். அடுக்கி வைத்திருந்த தண்ணீர் கேன்களுக்குப் பின்னால், பாதி மறைந்தபடி, கணினியில் அச்சடித்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினாலும் டோக்கனைத் தொலைத்தாலும் அபராதம் ரூ.500 என்று அதில் இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறுகிற எவர் கண்ணிலும் அது படாது. நான் இரண்டு கேன்களை நகர்த்திவிட்டுத்தான் முழுவதையும் படித்தேன். நகர்த்துவதற்கு முன்பு ஒன்றும் பின்பு ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுத்தேன். வாசல் பலகையையும், சங்கிலி சுற்றிய சக்கரத்தையும், வண்டி எண் தெரியும்படி, படம் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. பையன் தினக்கூலிக்கு வேலை செய்கிறவன். அவனிடம் சத்தம் போட்டு ஆவது ஒன்றுமில்லை. குத்தகைதாரரிடம் போனில் பேசினேன். ரூல் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி வைத்துவிட்டார். பணத்தைக் கட்டிவிட முடிவு செய்தேன். ஆனால் ரொக்கமாகக் கொடுக்காமல் கியூஆர் கோடு வழியாகச் செலுத்தினேன். செலுத்தும்போது குறிப்பு எழுதுவதற்கென்று இருக்கும் கட்டத்தில் 'வண்டியை விடுவிக்க, எதிர்ப்புடன் செலுத்துகிறேன்' என்று எழுதினேன். ரசீது இல்லாமல் போக மாட்டேன் என்று நின்றதால், சிறிய இயந்திரத்தில் ஒரு ரசீது அடித்துத் தந்தார்கள். அதில் தொகையும் தேதியும் நேரமும் ஒரு ஜிஎஸ்டி எண்ணும் இருந்தன. நிறுவனத்தின் பெயர் பாதி அழிந்திருந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்நூறு ரூபாய் எங்கள் வீட்டில் நான்கு நாள் காய்கறிச் செலவு. அதைவிட, நோயாளியைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு வண்டியைப் பூட்டிப் பணம் வாங்கியது என்னை மிகவும் வருத்தியது. அந்த வளாகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பரிசோதனைக்கு வருகிறவர்கள்தான். அவர்களில் யாரும் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்து வீட்டு பாய் உயர்நீதிமன்றத்தில் முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை அவரிடம் ரசீதைக் காட்டினேன். அவர் முதலில் சொன்னது, "இத இப்பவே ஜெராக்ஸ் எடும்மா, இந்தப் பேப்பர்ல எழுத்து நிக்காது" என்பதுதான். அவர் சொன்னது சரியாக இருந்தது. ஜனவரியில் பார்த்தபோது அசல் ரசீதில் ஒரு மங்கலான கறை மட்டுமே மிஞ்சியிருந்தது. நகல்தான் கடைசிவரை பயன்பட்டது.

அடுத்து அவர் சொன்னதுதான் இந்த விஷயம் முழுவதற்கும் அடிப்படை. "ஃபைன் போடறது கவர்மென்ட் வேலைம்மா. இவன் கேக்கறது நஷ்ட ஈடு. என்ன நஷ்டம்னு இவன்தான் சொல்லணும்." பொது இடத்தில் தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்திய வண்டியை அப்புறப்படுத்தவோ சக்கரத்தைப் பூட்டவோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு இடம் தருகிறது, அதற்கும் சீருடையில் இருக்கும் காவல் அதிகாரியின் அனுமதி வேண்டும். தனியார் இடத்தில் நாம் சீட்டு வாங்கி வண்டியை நிறுத்துவது ஓர் ஒப்பந்தம் மட்டுமே. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தாலும், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி, அந்தத் தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். எழுதிவைத்த தொகை அப்படியே கிடைத்துவிடாது. பொருளைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்துவைத்துக்கொள்வதை அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு வற்புறுத்தல் என்கிறது; வற்புறுத்தலின் பேரில் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 72-ஆவது பிரிவு சொல்கிறது. நான் குறிப்புக் கட்டத்தில் எழுதிய அந்த ஒரு வரி இதற்குத்தான் பயன்படும் என்று பாய் விளக்கியபோதுதான் எனக்கு மனம் கொஞ்சம் தெளிந்தது.

அத்தகைய வளாகங்களில் கட்டணமே வாங்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. வாகன நிறுத்துமிடத்தைக் காட்டித்தான் இதுபோன்ற கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி வாங்குகிறார்கள். குஜராத் உயர்நீதிமன்றம் 2019-இல் மால்களும் மல்டிபிளெக்ஸ்களும் நிறுத்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அது வேறு மாநிலத்துத் தீர்ப்பு, இது வேறு வழக்கு. இருபது ரூபாயை நான் மனமொப்பித்தான் கொடுத்தேன். நான்கு மணி நேரம் ஒரு தவணை என்பது அவர்கள் கணக்கானால், கூடுதலான நாற்பது நிமிடத்துக்கு இன்னும் ஓர் இருபது ரூபாய் தருவதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆகவே 480 ரூபாயைத் திருப்பித் தரும்படி மட்டும் கேட்பது என்று முடிவு செய்தேன். இப்படிக் கணக்கைச் சுருக்கிக்கொண்டது நல்லதாயிற்று. பிறகு என்னோடு பேசிய ஒவ்வொருவரும், நான் நியாயமாகத் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டுதான் கேட்கிறேன் என்பதை உடனே புரிந்துகொண்டார்கள்.

கடிதம் அனுப்பப் பெயரும் முகவரியும் வேண்டுமே. ரசீதில் இருந்த ஜிஎஸ்டி எண் அங்கே கைகொடுத்தது. பதினைந்து இலக்கம் கொண்ட அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்று இருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு. ஜிஎஸ்டி இணையதளத்தில், கணக்கு எதுவும் இல்லாமலே, அந்த எண்ணை இட்டுத் தேடினால் பதிவுபெற்றவரின் சட்டப்பூர்வப் பெயரும் தொழில் நடத்தும் இடமும் வந்துவிடுகின்றன. குத்தகைதாரரின் முகவரி ராயபுரத்தில் இருந்தது. வளாகத்தின் உரிமையாளர் சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னார் பாய். இடத்துக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள். குத்தகை புதுப்பிக்கும்போது கேள்வி கேட்கக்கூடியவர்களும் அவர்கள்தான்.

கடிதம் ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. நடந்ததை நேர வரிசையில் எழுதினேன்; கோபமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. வாசலில் காட்டிய விலை இருபது ரூபாய் மட்டுமே என்றும், ஐந்நூறு ரூபாய் நிபந்தனை பணம் வாங்குவதற்கு முன் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றும், நாற்பது நிமிடத்தால் அவர்களுக்கு என்ன இழப்பு ஏற்பட்டது என்று கணக்குக் காட்ட வேண்டும் என்றும், பதினைந்து நாளுக்குள் 480 ரூபாயைத் திருப்பித் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன் என்றும் எழுதினேன். நகல்களை இணைத்து, ராஜாஜி சாலையில் உள்ள தலைமைத் தபால் நிலையத்தில், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதினைந்து நாள் முடிவதற்குள் மிக்ஜாம் புயல் வந்துவிட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அந்த நாட்களில் இந்த ஐந்நூறு ரூபாயைப் பற்றி யார் நினைப்பார்கள்? காகிதங்களை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் இரண்டு ஒப்புகை அட்டைகளும் கையெழுத்தோடு வந்திருந்தன. பதில் மட்டும் வரவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். பொறுமையாகக் கேட்டுப் புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள். ஆனாலும் அந்த வழியில் பணம் வரவில்லை; ஆணையத்தில் மனு செய்வதே வழி என்று ஆயிற்று.

மனு எழுதும்போது ஒரு நுணுக்கத்தைப் பாய் எனக்குச் சொல்லித் தந்தார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத் தொகையை விதிப்பதும் அதற்குள் வருகிறது. அதைப் படித்ததும் இது நமக்காகவே எழுதியது போல இருக்கிறதே என்று மகிழ்ந்து, அதையே மனுவின் தலையில் வைத்து எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டார். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில, தேசிய ஆணையங்களுக்குத்தான் தந்திருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் அதைத் தலைப்பாக வைத்துப் போனால் மனு வாசலிலேயே திரும்பிவிடலாம். காட்சிக்கு வைத்த விலைப்பட்டியலுக்கு மேல் வாங்கினார்கள், சேவையில் குறைபாடு என்ற இரண்டு அடிப்படையில் திருத்தி எழுதினோம். என்னைப்போல் தாமாகவே மனு எழுதுகிறவர்கள் இந்த ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

வழக்கறிஞர் வைக்கவில்லை, நுகர்வோர் தாமே வாதாடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்தால் போதும். பொங்கல் முடிந்ததும், நுகர்வோர் மனுக்களுக்காக அப்போது இருந்த இ-தாக்கில் என்ற இணையதளத்தில் பதிவு செய்து, மனு, பிரமாணப் பத்திரம், ஆவணப் பட்டியல், படங்கள் எல்லாவற்றையும் ஏற்றினேன். பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கியது தவிர செலவு பெரிதாக இல்லை. முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்: பக்க எண் தொடர்ச்சியாக இல்லை, நகல்களில் என் கையெழுத்து இல்லை. சரிசெய்து மறுபடி ஏற்றினேன். காகிதப் பிரதிகளைப் பூங்கா நகரில் உள்ள சென்னை வடக்கு மாவட்ட ஆணைய அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். முகப்பில் இருந்தவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் இருந்த அறிவிப்பின் படத்தில் சிறிது நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவே தெம்பாக இருந்தது.

மனுவின் நகலை அன்றே உரிமையாளர் சங்கத்துக்கும் அனுப்பினேன். நான்காவது நாள் சங்கச் செயலாளர் அழைத்தார். வயதானவர், மரியாதையாகப் பேசினார். என் முதல் கடிதத்தைக் குத்தகைதாரரிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாகவும், அவர் எதுவும் செய்யவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது என்றும் சொன்னார். நேரில் வந்தால் ரொக்கமாகத் தந்துவிடுவதாகவும், மனுவை வாபஸ் வாங்கிவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

நான் மூன்று விஷயம் கேட்டேன். பணம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். தபால், நோட்டரி செலவு 310 ரூபாயையும் சேர்த்துத் தர வேண்டும். மூன்றாவதாக, நேரக் கணக்கும் கூடுதல் கட்டணமும் வாசல் பலகையில் எழுதப்பட வேண்டும், வண்டிக்குச் சங்கிலி போடக் கூடாது. வண்டிக்குச் சங்கிலி போடக் கூடாது. முதல் இரண்டுக்கும் உடனே ஒப்புக்கொண்டார். மூன்றாவது குத்தகைதாரர் விஷயம் என்று தயங்கினார். அம்மாவின் ஸ்கேன் சீட்டில் இருந்த நேரத்தையும் வண்டிச் சீட்டில் இருந்த நேரத்தையும் படித்துக் காட்டி, "சார், உங்க கட்டடத்துக்கு வர்றவங்க எல்லாம் பேஷண்ட்டுங்க. அவங்க நாலு மணி நேரத்துல எப்படி எறங்குவாங்க?" என்று கேட்டேன். சற்று நேரம் அமைதியாக இருந்தார். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள் என்றார்.

மனு விசாரணைக்கு ஏற்கப்படும் நிலையில்தான் இருந்தது. இழப்பீடும் கேட்டுத் தொடர்ந்து நடத்தலாம் என்று பாய் சொன்னார். அம்மாவை விட்டுவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்னால் போக முடியாது என்பதால் நான் வேண்டாம் என்று சொன்னேன். அது சரியான முடிவா என்று இப்போதும் சில நேரம் யோசிப்பதுண்டு. தீர்ப்பு ஒன்று கிடைத்திருந்தால் வேறு பலருக்கும் உதவியிருக்கும். எட்டாவது நாள் 790 ரூபாய் கணக்கில் வந்தது. சங்கத்தின் கடிதத்தாளில் மூன்று நிபந்தனையையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்கள். அதன் நகலோடு, சமரசம் ஏற்பட்டுவிட்டதால் மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆணையத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மார்ச்சில் அம்மாவுக்கு மறுபரிசோதனை. அதே வளாகம், அதே பையன். வாசலில் புதிய பலகை: நான்கு மணி நேரம் வரை ரூ.20, அதற்கு மேல் ஒவ்வொரு நான்கு மணி நேரத்துக்கும் ரூ.20, டோக்கன் தொலைந்தால் வண்டியின் ஆர்.சி.யைக் காட்ட வேண்டும். பையன் சீட்டை எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டி, "டைம் பாத்துக்கோங்கக்கா" என்றான். 7.25 என்று எழுதியிருந்தது.