ஒரு இல்-2 விமானியின் விருதுத் தாளைத் தேடியபோது

ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரில் மருத்துவம் படித்த காலத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டியின் அப்பா, இரண்டாம் உலகப் போரில் இல்-2 ஓட்டியவர். தரையை ஒட்டிப் பறந்து டாங்கிகளையும் லாரிகளையும் அடிக்கிற விமானம் அது. போர்முனையில் தனக்கு ஒரு ஆர்டர், அதாவது சோவியத் அரசின் உயர் விருது, கிடைத்தது என்று சொல்லியிருக்கிறார். எதற்காகக் கிடைத்தது என்று மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. "அவர் போய்விட்டார். தாளாவது பேசட்டும், தேடிக் கொடு" என்றார் பாட்டி.

வீட்டில் இருந்தது தேசபக்திப் போர் ஆர்டர் ஒன்றுதான். இந்த இடத்தில் பல குடும்பங்கள் குழம்பிப்போகின்றன. இந்த ஆர்டர் 1942 மே மாதம் உருவாக்கப்பட்டது. ஆனால் வெற்றியின் 40ஆம் ஆண்டையொட்டி 1985இல், அப்போது உயிரோடு இருந்த முன்னாள் வீரர்களுக்கு இதையே பரவலாகக் கொடுத்தார்கள். பாட்டி வைத்திருந்த ஆர்டரோடு ஒரு சிறு புத்தகமும் இருந்தது. அதில் 1985 என்று தெளிவாகப் போட்டிருந்தது. அப்படியானால் போரில் வாங்கியது வேறு.

ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் 2010இல் 'போத்விக் நரோதா' என்ற தரவுத்தளத்தைத் திறந்தது. பொடோல்ஸ்க் நகரில் உள்ள மத்திய ஆவணக் காப்பகத்தின் விருது ஆவணங்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். காசு கிடையாது. குடும்பப் பெயர், பெயர், தந்தைவழிப் பெயர், பிறந்த ஆண்டு என்று எல்லாக் கட்டங்களையும் நிரப்பித் தேடினால் 1985ஆம் ஆண்டுப் பதிவு மட்டும் வந்து நின்றது. போர்க்காலத்தில் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், ஓர் எழுத்து மாறினாலும் ஆள் சிக்க மாட்டார். அதனால் குடும்பப் பெயரை நாலைந்து விதமாக மாற்றி, தந்தைவழிப் பெயரை விட்டுவிட்டு, பிறந்த ஆண்டை மட்டும் வைத்துத் தேடினோம். ஒரே ஓர் உயிரெழுத்து மாறியிருந்தது. படையில் சேர்ந்த ஆண்டும் ஊரும் பொருந்தியதும் பாட்டி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

விருதுத் தாள் என்பது இரண்டு பக்கப் படிவம். மேலே பதவி, படைப்பிரிவு, பிறந்த ஆண்டு, இனம், கட்சி உறுப்பினரா, காயம் பட்டதுண்டா, முன்பு என்ன விருது, வீட்டு முகவரி. இதெல்லாம் ஓடிவிடும். அதற்குக் கீழே வீரச்செயலைச் சுருக்கமாக, குறிப்பாக விவரிக்கச் சொல்லும் பகுதி இருக்கிறதே, அங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். எங்களுக்குக் கிடைத்த தாள் கையெழுத்தில் இருந்தது, மை வேறு கசிந்திருந்தது. எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழி பாடப்புத்தகத்துக்கும் நோயாளியோடு பேசவும் போதும், இதற்குப் போதாது. பாட்டி படிக்க, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

1943 ஜூலை, பொனிரி அருகே. மாஸ்கோவுக்குப் போகும் ரயிலில் நான் எத்தனையோ தடவை கடந்த ஸ்டேஷன் அது. கூர்ஸ்க் போர்முனையின் வடபக்கத்தில் சண்டை உக்கிரமாக நடந்த இடம். இல்-2கள் வட்டமாகச் சுற்றிவந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கித் தாக்கும். மூன்றாவது முறை இறங்கியபோது விமான எதிர்ப்புக் குண்டு எண்ணெய்க் குளிர்விப்பானைக் கிழித்தது, பின்னிருக்கையில் இருந்த துப்பாக்கி வீரருக்குக் காயம். விமானி வட்டத்தை விட்டு விலகவில்லை. நான்காவது முறையும் இறங்கிக் கைவசம் இருந்த சிறிய டாங்கி எதிர்ப்புக் குண்டுகளைக் கொட்டிவிட்டு, விமானத்தைச் சொந்தத் தளத்தில் இறக்கினார். அந்தக் குண்டுகளைச் சோவியத் படை முதன்முதலாகப் பெருமளவில் இறக்கியது அந்த மாதம்தான்.

எத்தனை டாங்கி எரிந்தது என்றும் எழுதியிருந்தது. அந்த எண்ணிக்கையை நான் அப்படியே நம்ப மாட்டேன். புகைக்கும் தூசிக்கும் நடுவே மேலிருந்து பார்த்துச் சொன்ன கணக்கு, பெரும்பாலும் மொத்தக் குழுவின் கணக்கு. ஆனால் அடிபட்ட விமானத்தோடு நான்காவது முறை இறங்கியதைக் கூடப் பறந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த மனிதரின் துணிச்சலுக்கு எனக்கு அதுவே போதும்.

படிவத்தோடு நிறுத்திவிடக் கூடாது. படிவம் வெறும் பரிந்துரை, என்ன கொடுத்தார்கள் என்பது ஆணையில்தான் இருக்கும். ரெஜிமென்ட் தளபதி கேட்டது செங்கொடி ஆர்டர். ஆணையில் இருந்தது தேசபக்திப் போர் ஆர்டர், இரண்டாம் வகுப்பு. மேலே போகப் போக விருது படி இறங்குவது அன்று சாதாரணமாக நடந்ததுதான், இருந்தாலும் பாட்டிக்கு முகம் வாடிவிட்டது.

அப்புறம் அவரே கேட்டார்: "பின்னால் உட்கார்ந்திருந்த பையனுக்கு என்ன கொடுத்தார்கள்?"

இல்-2இல் விமானியையும் எஞ்சினையும் சுற்றி இரும்புக் கவசம் உண்டு. துப்பாக்கி வீரரின் இருக்கை அந்தக் கவசத்துக்கு வெளியே. எதிரி வேட்டை விமானம் பின்னாலிருந்துதான் வரும், முதல் குண்டு அவருக்குத்தான். நல்லவேளையாகத் தாளில் அவர் பெயரும் இருந்தது. அதே நாள் ஆணையில் 'துணிவுக்காக' பதக்கம். 'மெமோரியல்' என்ற இன்னொரு தரவுத்தளம் இருக்கிறது, போரில் இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் பட்டியல். அதில் தேடினோம். காயம் ஆறித் திரும்பியவர், அந்த இலையுதிர் காலத்திலேயே வேறொரு விமானியோடு பறந்து இறந்திருக்கிறார். இழப்புப் பட்டியலில் அம்மாவின் பெயரும் கிராமமும் இருந்தன.

அந்தக் கிராம நிர்வாகத்துக்குப் பாட்டி கடிதம் எழுதினார். வெகுநாள் கழித்து, அந்த வீரருடைய தங்கையின் பேரன் பதில் போட்டார். அவர்களிடம் இருந்தது இறப்புச் செய்தித் தாள் மட்டும்தான், பதக்கம் பற்றி வீட்டில் யாருக்குமே தெரியாது. விருதுத் தாளின் இரண்டு பக்கங்களையும் ஆணையையும் பெரிதாக அச்செடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பி வைத்தோம்.