ஆலை மூடினால் அம்பத்தூர் என்ன செய்யும்?

சென்னைத் தொழில் வளர்ச்சி என்றதும் ஹூண்டாய், ஃபோர்டு என்று பெரிய பெயர்களைத்தான் சொல்கிறோம். உண்மையில் இந்த ஊரைத் தாங்குபவை கிண்டி (1958), அம்பத்தூர் (1964) தொழிற்பேட்டைகளின் சின்னச் சின்ன ஷெட்டுகள், அதாவது உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் ஆலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. மறைமலை நகர் ஃபோர்டில் 2022 ஜூலையோடு கார் உற்பத்தி முடிந்தது. ஆனாலும் கடைசல் வேலை செய்யும் டர்னரும், அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூம் ஃபிட்டரும் ஊரை விட்டுப் போகவில்லை. 1960-களில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் காலத்தில் வேரூன்றிய உதிரிபாகத் தொழில்தான், 1990-களின் கடைசியில் கார் கம்பெனிகள் வந்தபோது கைகொடுத்தது.

அடுத்த மாற்றம் பேட்டரியில் ஓடும் மின்சாரக் கார். பிஸ்டன், வால்வு, இன்ஜெக்டர் ஆகியவற்றுக்கு அதில் இடமே இல்லை. பிரேக், சஸ்பென்ஷன், சீட், வீல் அப்படியே தொடரும். எஞ்சின் பாகம் மட்டுமே செய்யும் ஷெட்டுக்காரர் ஆர்டர் குறையும்வரை காத்திருக்கக் கூடாது.

பலரும் முதலில் எடுப்பது அலுமினிய மோட்டார் ஹவுசிங், அதாவது மோட்டாரின் வெளிக்கூடு செய்யும் வேலை. வார்ப்பிரும்பு பிரேக் டிரம் ஓட்டிய அதே சி.என்.சி. (கணினி இயக்கும் கடைசல் மெஷின்) போதும், ஆனால் பழக்கம் மாற வேண்டும். ஹவுசிங்கின் சுவர் மெலிது. மெஷினின் பிடிதாடையான ஜாவில் இறுக்கிப் பிடித்து, உள்துளையைக் கடைந்து போர் போட்டால் மெஷினில் இருக்கும்வரை வட்டமாக அளவு காட்டும், கழற்றியதும் கோணிக்கொள்ளும். முதல் கடைசலான ரஃப் முடித்து, பிடியைத் தளர்த்தி, லேசாக மறுபடி பிடித்து, கடைசி மெல்லிய வெட்டான ஃபினிஷ் போடுங்கள். அளவைக் கழற்றிய பிறகே எடுங்கள். இரும்புக்குப் பயன்படுத்திய பழைய இன்செர்ட்டையே (மாற்றக்கூடிய வெட்டுமுனை) வைத்தால் முனையில் அலுமினியம் அப்பி ஃபினிஷ் கெடும். பாலிஷ் செய்த கூர்முனை வேண்டும். வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் அடர்த்தியை, அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் தினமும் பாருங்கள். இரும்புச் சுருளும் அலுமினியச் சுருளும் கலந்தால் ஸ்கிராப் விலை விழுந்துவிடும், தனித்தனித் தொட்டி வையுங்கள். மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் ஹவுசிங் என்றால் வார்ப்பில் நுண்துளை இருக்கிறதா என்று மெஷினிங் தொடங்கும் முன்பே ஃபவுண்டரியோடு (வார்ப்பாலை) பேசி முடிவு செய்ய வேண்டும். கசிவு பார்க்கும் லீக் டெஸ்டில் தெரியவரும்போது உங்கள் உழைப்புச் செலவும் சேர்ந்து போயிருக்கும்.

பிறகு பி.பி.ஏ.பி. ஒப்புதல், அதாவது தொடர் உற்பத்திக்கு முன் பாகத்தை வாடிக்கையாளர் சோதித்து ஏற்றுக்கொள்ளும் முறை. வாடிக்கையாளர் வேறு எண்ணிக்கை சொல்லாவிட்டால் தொடர்ச்சியாக 300 பாகமாவது ஓட்ட வேண்டும். முக்கிய அளவுகள் எவ்வளவு சீராக வரம்புக்குள் நிற்கின்றன என்று காட்டும் திறன் குறியீடு 1.67-க்கு மேல் இருக்கக் கேட்பார்கள். இதில் மாதங்கள் கழியும், அதுவரை பணம் வராது. இங்கேதான் நல்ல ஷெட்டுகளும் மூச்சுத் திணறுகின்றன. பழைய வேலையை முழுவதும் விட்டுவிட்டுப் புதியதில் குதிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒப்புதல் கிடைத்து பாகம் அனுப்பியபின் பணம் வாங்கச் சட்டம் துணை நிற்கும். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006 சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள், பாகத்தை ஏற்றுக்கொண்ட தேதியைக் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள்.